உந்தக் கணக்கு ஒத்துவரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

புறவிசை செயல்படாதவரை ஓர் அமைப்பின் மொத்த உந்தம் (நிறை × திசைவேகம்) மாறாது. உந்த அழிவின்மை விதி இவ்வளவுதான். பிளஸ் ஒன் மாணவர் யாரைக் கேட்டாலும் தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவார். கணக்கில் கை வைத்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. விடை புத்தகத்தோடு ஒத்துப்போகாது, அல்லது ஒத்துப்போனாலும் ஏன் என்று புரியாது. உடனே சூத்திரத்தை மறுபடி புரட்டிப் பார்ப்பார்கள், எண்களை மறுபடி பெருக்குவார்கள்.

அங்கே தப்பு இருப்பது அபூர்வம். சூத்திரம் எழுதுவதற்கு முன்பே மூன்று விஷயங்களை முடிவு செய்திருக்க வேண்டும்: எந்தெந்தப் பொருட்கள் கணக்கில் சேரும், எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை பார்க்கிறோம், எந்தத் திசைக்கு நேர்க்குறி. இந்த மூன்றில் ஒன்றைப் பாதியில் விட்டிருப்போம். எதை விட்டோம் என்பதைத் தப்பான விடையே காட்டிக்கொடுக்கும். அதனால் கீழே எல்லாம் அறிகுறிவாரியாக இருக்கிறது. உங்கள் கணக்கில் தெரியும் கோளாறு எதுவோ, நேரே அங்கே போகலாம்.

மோதிய பிறகு ஒரு பொருள் இன்னொன்றை ஊடுருவிப் போகிறது

1 கி.கி வண்டி 4 மீ/வி வேகத்தில் போய், நின்றுகொண்டிருக்கும் 3 கி.கி வண்டியில் மோதுகிறது. மோதியதும் சின்ன வண்டி 2 மீ/வி வேகத்தில் திரும்பி வருகிறது. பெரிய வண்டியின் வேகம் என்ன? பலர் எழுதுவது: 4 = 2 + 3 × வேகம், ஆகவே 0.67 மீ/வி. பார்க்கச் சுத்தமாக முடிந்த கணக்கு.

அந்த விடை என்ன சொல்கிறது என்று படம் வரைந்து பாருங்கள். பெரிய வண்டி முன்னால் 0.67 மீ/வி வேகத்தில் போகிறது. சின்ன வண்டியும் அதே திசையில் 2 மீ/வி வேகத்தில் போவதாகத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பின்னால் இருந்தது பெரிய வண்டிக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால்தான் அது நடக்கும். "திரும்பி வருகிறது" என்ற சொல்லைப் படித்தீர்கள், கழித்தல் குறி போட மறந்துவிட்டீர்கள். 4 = −2 + 3 × வேகம் என்று எழுதினால் 2 மீ/வி வரும். இயக்க ஆற்றலும் முன்பு 8 ஜூல், பின்பு 2 + 6 = 8 ஜூல் என்று சரியாக நிற்கும்.

இதே பிழை வேறு வேஷத்திலும் வரும். 2 கி.கி வண்டியும் 1 கி.கி வண்டியும் எதிரெதிராக 3 மீ/வி வேகத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. குறியை விட்டால் விடை 3 மீ/வி. ஆற்றல் முன்பும் 13.5 ஜூல், பின்பும் 13.5 ஜூல். இரண்டும் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்ட பிறகும் ஒரு ஜூல்கூட இழப்பில்லை என்றால் சந்தேகப்பட வேண்டாமா? சரியான விடை 1 மீ/வி. மிஞ்சும் ஆற்றல் 1.5 ஜூல்தான்.

சுவரில் அடித்துத் திரும்பும் பந்தில் இது இன்னும் பெரிய அடி கொடுக்கும். 0.2 கி.கி பந்து 10 மீ/வி வேகத்தில் போய் 8 மீ/வி வேகத்தில் திரும்புகிறது. உந்த மாற்றம் 0.4 அல்ல, 3.6 கி.கி மீ/வி. ஒன்பது மடங்கு வித்தியாசம். தொடுநேரம் 0.01 வினாடி என்றால் சராசரி விசை 360 நியூட்டன். குறி தவறினால் 40 நியூட்டன் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம்.

இந்த இடத்தில் தடுமாறுகிறவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. 1644-இல் வெளியான நூலில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட் மோதலுக்கு ஏழு விதிகள் எழுதினார். அவர் மாறாதது என்று எடுத்துக்கொண்டது பொருளின் அளவு × வேகம். திசை அதில் இல்லை. விளைவு, ஓய்வில் இருக்கும் பெரிய பொருள்மேல் சிறியது மோதினால் பெரியது அசையவே அசையாது, சிறியது அதே வேகத்தில் திரும்பிவிடும் என்று ஒரு விதி வந்து நின்றது. மேலே பார்த்த 3 கி.கி வண்டி 2 மீ/வி வேகத்தில் ஓடியதை நினைத்துக்கொள்ளுங்கள். லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்டதன் பேரில் 1668-69-இல் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகியோர் மோதல் விதிகளை அனுப்பிய பிறகுதான், திசைக்கும் குறி உண்டு என்பது உறுதியாக நிலைபெற்றது.

கணக்கைத் தொடங்கும் முன் ஓர் அம்பு வரைந்து, இதுதான் நேர்க்குறி என்று எழுதிவிடுங்கள். தெரியாத வேகத்துக்கு மட்டும் முன்கூட்டியே குறி போடாதீர்கள். அது எந்தப் பக்கம் என்று சமன்பாடே சொல்லும்.

குண்டு பட்ட மரக்கட்டை 40 மீட்டர் உயரத்துக்குப் போகிறது

கயிற்றில் தொங்கும் 1.99 கி.கி கட்டை. 10 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் வந்து உள்ளே புதைகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? "ஆற்றல் அழியாது" என்ற நம்பிக்கையில் குண்டின் 800 ஜூலை அப்படியே நிலையாற்றலாக மாற்றினால், 800 ÷ (2 × 9.8), ஏறத்தாழ 41 மீட்டர். பதின்மூன்று மாடிக் கட்டட உயரம்.

நிஜத்தில் அந்தக் கட்டை 20 சென்டிமீட்டர்தான் எழும்பும். இந்தக் கணக்குக்கு இரண்டு கட்டங்கள் உண்டு, இரண்டிலும் மாறாமல் இருப்பது வேறு வேறு.

முதல் கட்டம், குண்டு கட்டையைத் தொட்ட கணம் முதல் உள்ளே நிற்கும் கணம் வரை. இங்கே உந்தம் மாறாது: 0.01 × 400 = 4 கி.கி மீ/வி, அதை 2 கி.கி-ஆல் வகுத்தால் 2 மீ/வி. இயக்க ஆற்றல் 800 ஜூலிலிருந்து 4 ஜூலுக்கு விழுந்துவிடுகிறது. மீதி 796 ஜூல் மரத்தைக் கிழித்து, சூடாக்கி, சத்தமாகிப் போயிற்று. இரண்டாம் கட்டம், 2 மீ/வி வேகத்தில் கிளம்பிய கட்டை மேலே நிற்கும் வரை. இங்கே உந்தம் மாறும், ஏனென்றால் புவியீர்ப்பும் கயிறும் நேரம் எடுத்து இழுக்கின்றன. ஆற்றல் மாறாது: 4 ஜூல் ÷ (2 × 9.8) = 0.2 மீட்டர்.

ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்தது இந்த ஊசலை வைத்துத்தான். அந்தக் காலத்தில் அவ்வளவு வேகத்தை நேரடியாக அளக்க வழி கிடையாது. கட்டை ஆடிய தூரத்தை அளந்து, ஆற்றல் வழியாகக் கட்டையின் வேகத்துக்கும், உந்தம் வழியாகக் குண்டின் வேகத்துக்கும் பின்னோக்கி வந்தார். நாம் தேர்வில் செய்யும் அதே இரண்டு படி.

"உராய்வு இருக்கிறதே, அப்படியிருக்க உந்தம் எப்படி மாறாது?" என்ற கேள்வி இங்கே வரும். நல்ல கேள்வி, எண் போட்டுப் பார்த்துவிடலாம். அதே 2 கி.கி கட்டை, உராய்வுக் குணகம் 0.5 உள்ள மேசைமேல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உராய்வு விசை 9.8 நியூட்டன். குண்டு ஆயிரத்தில் ஒரு வினாடியில் நின்றுவிட்டால், அந்த நேரத்தில் உராய்வு பறிப்பது 0.0098 கி.கி மீ/வி. மொத்தம் 4. கால் சதவீதம்கூட இல்லை. உராய்வு மோதலின்போதும் இருக்கத்தான் செய்கிறது, அதற்கு நேரம்தான் போதவில்லை. அதனால்தான் "மோதலுக்குச் சற்று முன்", "சற்றுப் பின்" என்று கணக்குகளில் அழுத்திச் சொல்கிறார்கள். அந்த "சற்று" என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள்.

மோதிய பிறகு இயக்க ஆற்றல் கூடிவிட்டது

பதறுவதற்கு முன் கேளுங்கள்: ஆற்றல் தர ஏதாவது உள்ளே இருந்ததா? சுருங்கிய சுருள்வில், வெடிமருந்து, குதிக்கும் ஆளின் தசை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஆற்றல் கூடுவது சரிதான். 4 கி.கி துப்பாக்கியிலிருந்து 10 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் கிளம்பினால் துப்பாக்கி 1 மீ/வி வேகத்தில் பின்னால் வரும். உந்தம் இரண்டுக்கும் சமம், எதிரெதிர்த் திசை. ஆற்றலோ குண்டுக்கு 800 ஜூல், துப்பாக்கிக்கு 2 ஜூல். உந்தம் சமம் என்பதால் ஆற்றலையும் சமமாகப் பங்குபோடுகிறவர்கள் நிறையப் பேர். இலேசான பொருள்தான் ஆற்றலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்.

அப்படி எந்த மூலமும் இல்லாத சாதாரண மோதலில் ஆற்றல் கூடினால் விடை தவறு, சந்தேகமே வேண்டாம். முதல் அறிகுறிக்குப் போய்க் குறிகளைப் பாருங்கள். கிராமையும் கிலோகிராமையும் கலந்துவிட்டீர்களா, மணிக்குக் கிலோமீட்டரை மாற்றாமல் விட்டீர்களா என்றும் பாருங்கள்.

இரண்டு விடை வருகிறது, எதை எடுப்பது?

மீட்சி மோதலில், அதாவது மொத்த இயக்க ஆற்றலும் மாறாத மோதலில், உந்தச் சமன்பாட்டையும் ஆற்றல் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்த்தால் இருபடிச் சமன்பாடு வரும். மேலே பார்த்த 1 கி.கி, 3 கி.கி வண்டிகளையே எடுத்தால் பெரிய வண்டியின் வேகம் 0 அல்லது 2 மீ/வி என்று வரும். பூஜ்ஜியம் என்பது பொய்யான விடை அல்ல, மோதலே நடக்காத நிலை அது. அப்போதும் உந்தமும் ஆற்றலும் மாறாமல்தானே இருக்கும்! மோதல் நடந்தது என்று கணக்கு சொல்வதால் மற்றதை எடுக்கிறோம்.

இருபடியைத் தவிர்க்க எளிய வழி உண்டு. மீட்சி மோதலில் நெருங்கும் வேகமும் விலகும் வேகமும் சமம். 4 மீ/வி வேகத்தில் நெருங்கின, 4 மீ/வி வேகத்தில் விலக வேண்டும். இதை உந்தச் சமன்பாட்டோடு சேர்த்தால் இரண்டே வரியில் −2, +2 என்று கிடைத்துவிடும். நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இந்த வழியைத்தான் முதலில் கொடுப்பேன். மீட்சியளிப்பு குணகம் வரும் கணக்குகளுக்கும் இது அப்படியே நீளும்: விலகும் வேகம் = குணகம் × நெருங்கும் வேகம்.

இந்த வழியின் வலிமையை 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் காட்டினார். பெரிலியத்திலிருந்து வந்த மின்னூட்டமற்ற கதிர் ஒன்று பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தட்டித் தள்ளியது. அது காமா கதிர் என்றுகூடக் கருதப்பட்டது. சாட்விக் அதை நிறையுள்ள துகள் என்று எடுத்துக்கொண்டு மோதல் கணக்குப் போட்டார். நேருக்கு நேர் மீட்சி மோதலில், அடிபட்ட பொருளின் வேகம் இரண்டு நிறைகளின் கூட்டலுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஹைட்ரஜன் அணுக்கரு பெற்ற அதிகபட்ச வேகம் வினாடிக்கு 3.3 கோடி மீட்டர், நைட்ரஜன் பெற்றது 47 லட்சம் மீட்டர். விகிதம் ஏறத்தாழ 7. அதாவது (நிறை + 14) ÷ (நிறை + 1) = 7.02. தீர்த்துப் பாருங்கள், நிறை 1.16 வரும். புரோட்டானின் நிறைக்குப் பக்கத்திலேயே இருக்கும், மின்னூட்டமில்லாத ஒரு துகள்: நியூட்ரான். வந்த துகளின் வேகம் தெரியவே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். விகிதம் எடுத்ததும் அது அடிபட்டுப் போய்விட்டது. பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும்.

மோதிய பொருள் நிற்க வேண்டும் என்று படித்தேன், நிற்கவில்லையே?

நிறை சமமாக இருந்தால்தான் நிற்கும். நேருக்கு நேராகவும், மீட்சி மோதலாகவும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நிற்காது.

கேரம் போர்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டிரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். போட்டிகளில் பயன்படுவதும் ஏறக்குறைய இந்த அளவுதான். காயை நேராக அடித்தால் (மீட்சி மோதல் என்று கொண்டால்) காய் ஸ்டிரைக்கரின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் ஓடும், ஸ்டிரைக்கர் பாதி வேகத்தோடு பின்னாலேயே போகும். குழிக்கு நேராக இருக்கும் காயைப் பலமாக அடித்தால் ஸ்டிரைக்கரும் கூடவே குழியில் விழுவது இதனால்தான்.

சாய்த்து அடிக்கும்போது இன்னும் சுவையான ஒன்று இருக்கிறது. தன்னைவிட இலேசான, ஓய்வில் உள்ள ஒன்றின்மேல் மோதும் கனமான பொருள் ஓரளவுக்கு மேல் திரும்பவே முடியாது. அந்த எல்லைக் கோணத்தின் சைன் மதிப்பு, இலேசான நிறை ÷ கனமான நிறை. இங்கே 5 ÷ 15, கோணம் ஏறத்தாழ 19.5 டிகிரி. தனியாகக் கிடக்கும் ஒரு காயை எப்படி உரசி அடித்தாலும் ஸ்டிரைக்கர் தன் பாதையிலிருந்து 20 டிகிரி அளவுக்குத்தான் விலகும். காய் மட்டும் எந்தப் பக்கமாவது கோணலாகப் பறக்கும். நிறை சமமாக இருந்தால் மோதிய பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் பிரியும் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கேரம் போர்டில் அதைத் தேடினால் கிடைக்காது, கோணம் 90-க்குக் குறைவாகவே இருக்கும். விதி பொய்த்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நிறை சமமில்லை, அவ்வளவுதான்.

இரு பரிமாணக் கணக்கில் வேகம் அதிகமாக வருகிறது

கிழக்கே 4 மீ/வி வேகத்தில் 3 கி.கி, வடக்கே 6 மீ/வி வேகத்தில் 2 கி.கி. மோதி ஒட்டிக்கொள்கின்றன. 12 + 12 = 24, அதை 5-ஆல் வகுத்து 4.8 மீ/வி என்று எழுதினால் தவறு. கிழக்கு உந்தத்தையும் வடக்கு உந்தத்தையும் நேரடியாகக் கூட்ட முடியாது. கிழக்கே 12, வடக்கே 12, தொகுபயன் 16.97, வேகம் 3.39 மீ/வி, வடகிழக்கே 45 டிகிரி.

இதை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம், ஆற்றல் சோதனை இங்கே கைகொடுக்காது. முதலில் 60 ஜூல். தவறான விடைக்கு 57.6 ஜூல் வரும். குறைந்துதானே இருக்கிறது, சரியாக இருக்கும் என்று நம்பத் தோன்றும். சரியான விடைக்கு 28.8 ஜூல். ஆகவே இரு பரிமாணம் என்றாலே தாளில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்று கிழக்கு–மேற்கு, மற்றொன்று வடக்கு–தெற்கு. ஒன்றின் எண் மற்றதற்குள் கடைசி வரி வரை போகக் கூடாது.

ஓய்வில் இருந்த வெடிகுண்டு மூன்று துண்டாகச் சிதறும் கணக்கும் இதே வழிதான். 1 கி.கி கிழக்கே 12 மீ/வி, 2 கி.கி வடக்கே 8 மீ/வி என்றால் உந்தங்கள் 12, 16, தொகுபயன் 20. மூன்றாவது துண்டு அரை கிலோ என்றால் 40 மீ/வி வேகத்தில், மேற்கிலிருந்து 53 டிகிரி தெற்கு நோக்கிப் பறக்கும்.

படகிலிருந்து குதிக்கும் கணக்கில் விடை கொஞ்சம் கூடுதலாக வருகிறது

50 கி.கி பையன், 150 கி.கி படகு, இரண்டும் ஓய்வில். "படகைப் பொறுத்து 4 மீ/வி வேகத்தில் குதிக்கிறான்." 50 × 4 ÷ 150 = 1.33 மீ/வி என்று எழுதினால் தவறு. அவன் குதிக்கும்போது படகும் பின்னால் நகர்கிறது. 4 மீ/வி என்பது இரண்டுக்கும் இடையே உள்ள வேகம். உந்த விதியில் போடும் எல்லா வேகமும் ஒரே ஆளின் பார்வையில் இருக்க வேண்டும், இங்கே கரையில் நிற்பவரின் பார்வையில். இரண்டு வேகங்களின் கூட்டல் 4, உந்தங்கள் சமம்: பையன் 3 மீ/வி, படகு 1 மீ/வி.

"பொறுத்து" என்ற சொல் கேள்வியில் இருந்தாலே நிதானியுங்கள்.

மணல் வண்டி தானாக வேகமெடுக்கிறது

20 கி.கி வண்டி 3 மீ/வி வேகத்தில் உருள்கிறது. மேலிருந்து 10 கி.கி மணல் செங்குத்தாக விழுகிறது. வேகம் 60 ÷ 30 = 2 மீ/வி ஆகும். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. இப்போது வண்டியின் அடியில் ஓட்டை விழுந்து அந்த மணல் முழுவதும் ஒழுகிப்போகிறது. வேகம் என்ன? நிறை குறைந்ததால் மறுபடி 3 மீ/வி என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

2 மீ/வி-தான். ஒழுகும் மணல் வண்டியை விட்டுப் பிரியும் கணத்தில் அதுவும் கிடையாக 2 மீ/வி வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. தன் பங்கு உந்தத்தைத் தானே எடுத்துக்கொண்டு போகிறது, வண்டியைத் தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. விழுந்த மணல் வேறு: அது கிடையாக நகராமல் வந்தது, வண்டி அதை இழுத்துத் தன் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நிறை கூடியதா குறைந்ததா என்று பார்த்தால் போதாது. வந்ததோ போனதோ, அந்தக் கணத்தில் அதற்கு என்ன திசைவேகம் என்று கேட்க வேண்டும்.

மொத்த உந்தம் மாறியே விட்டது

கீழே விழும் பந்தின் உந்தம் வினாடிக்கு வினாடி கூடுகிறது. சுவரில் பட்ட பந்தின் உந்தம் திசையே மாறிவிடுகிறது. இரண்டிலும் அமைப்பு என்று பந்தை மட்டும் எடுத்திருக்கிறோம், அதனால் புவியும் சுவரும் வெளியாட்கள். அவற்றையும் உள்ளே சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். முதலில் பார்த்த பந்தின் 3.6 கி.கி மீ/வி மாற்றத்தைச் சுவர் வழியாகப் புவி வாங்கிக்கொள்கிறது. புவியின் நிறை ஏறத்தாழ 6 × 10²⁴ கி.கி என்பதால் அதன் வேக மாற்றம் 6 × 10⁻²⁵ மீ/வி. எந்தக் கருவிக்கும் எட்டாது, ஆனால் பூஜ்ஜியம் அல்ல.

கீல் வைத்த பொருட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 15 கி.கி கதவு, அகலம் 0.8 மீட்டர். அரை கிலோ களிமண் உருண்டை 8 மீ/வி வேகத்தில் கதவின் ஓரத்தில் பட்டு ஒட்டிக்கொள்கிறது. மோதல் குறுகிய நேரம்தானே என்று நேர்க்கோட்டு உந்தத்தை மாறாமல் வைத்தால் தவறிவிடும். உராய்வு போல மெலிந்த விசை அல்ல கீலின் விசை. மோதல் எவ்வளவு பலமோ அவ்வளவு பலமாக அதுவும் எதிர்வினை காட்டும். இங்கே மாறாமல் இருப்பது கீலைப் பொறுத்த கோண உந்தம், அதாவது கீலைச் சுற்றிய சுழற்சிக்கான உந்தம். அதை வைத்துப் போட்டால் கோண வேகம் 0.91 ரேடியன்/வினாடி வரும். அதிலிருந்து திரும்பிவந்து கதவும் களிமண்ணும் சேர்ந்த நேர்க்கோட்டு உந்தத்தைப் பார்த்தால் 5.8 கி.கி மீ/வி. மோதும் முன் 4 தான் இருந்தது! மீதியைக் கொடுத்தது கீல். ஓரத்தில் அடிபட்ட கதவின் மறுமுனை பின்னால் வரப் பார்க்கிறது, கீல் அதை முன்னோக்கித் தள்ளிப் பிடிக்கிறது.

புறவிசை எதுவுமே இல்லை, ஆனாலும் கணக்கு இடிக்கிறது என்றால், எண்ணாமல் விட்ட பொருள் ஏதோ இருக்கிறது. அணுக்கருவிலிருந்து எலக்ட்ரான் வெளிவரும் பீட்டா சிதைவில் அந்த எலக்ட்ரானின் ஆற்றல் கணக்கு இடித்தபோது, ஆற்றல் அழிவின்மையையே கைவிடலாமா என்று இயற்பியலாளர் நீல்ஸ் போர் யோசித்தார். வோல்ஃப்காங் பவுலி 1930-இல் கண்ணில் படாத ஒரு நடுநிலைத் துகள் மீதியைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று முன்வைத்தார். அந்த நியூட்ரினோவைக் கோவனும் ரைன்ஸும் 1956-இல் பிடித்துக் காட்டினார்கள்.

வந்த உந்தத்தைவிட அடிபட்ட பொருள் அதிகமாக வாங்கிவிட்டது

இதைப் பார்த்ததும் அடித்துவிட்டு மறுபடி தொடங்காதீர்கள். பெரும்பாலும் இது சரியான விடை. வந்தது திரும்பிப் போனால், கழித்தல் குறியுள்ள உந்தத்தை ஈடுகட்ட அடிபட்டது கூடுதலாக வாங்கியே ஆக வேண்டும். முதல் எடுத்துக்காட்டில் வந்தது 4, பெரிய வண்டி வாங்கியது 6. மிக இலேசான பந்து மிகக் கனமான பொருளில் பட்டுத் துள்ளினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை போகும்.

இரண்டு மடங்கையும் தாண்டலாம். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், ஏறத்தாழ 580 கி.கி நிறையோடு வினாடிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள்மேல் வேண்டுமென்றே மோதியது. டைமார்ஃபஸ் தன் பெரிய துணையான டிடிமோஸைச் சுற்றிவர எடுத்த 11 மணி 55 நிமிடத்தில் அரை மணிநேரத்துக்கு மேல் குறைந்துபோயிற்று. விண்கலம் கொண்டுவந்த உந்தத்தைப் போல ஏறத்தாழ 3.6 மடங்கைச் சிறுகோள் பெற்றிருக்கும் என்று கணித்தார்கள். விண்கலம் துள்ளித் திரும்பவில்லை, உள்ளேயே நொறுங்கிவிட்டது. பின்னோக்கிப் பறந்தது சிறுகோளின் கல்லும் தூசியும். அவை ஒரு பக்கம் பாய்ந்த அளவுக்குச் சிறுகோள் மறுபக்கம் கூடுதலாகத் தள்ளப்பட்டது. சிதறிய தூசியைக் கணக்கில் சேர்க்காதவருக்கு இந்த 3.6 விதிமீறலாகத் தெரியும்.

ஆய்வகத்தில் முன்பும் பின்பும் ஒத்துவரவே இல்லை

எப்போதும் சில சதவீதம் குறைவாகவே வருகிறதா? உராய்வுதான். தடத்தின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, டிராலியை லேசாகத் தட்டிவிட்டால் ஒரே வேகத்தில் ஓடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதோடு, வேகத்தை மோதும் இடத்துக்கு எவ்வளவு அருகில் அளக்க முடியுமோ அவ்வளவு அருகில் அளங்கள். அரை மீட்டர் தள்ளி அளந்தால் நீங்கள் அளப்பது "சற்றுப் பின்" அல்ல.

சில நேரம் கூடுதலாக வருகிறதா? டிராலிகளின் திசையை மாற்றி, வலமிருந்து இடமாக ஒருமுறை செய்யுங்கள். ஒரு திசையில் கூடுதல், மறு திசையில் குறைவு என்றால் தடம் சாய்ந்திருக்கிறது. உராய்வை ஈடுகட்டச் சாய்த்த தடம் ஒரு திசைக்குத்தான் சரி, திரும்பி வரும் டிராலிக்கு அதே சாய்வு எதிராகும். டிராலி திரும்பி வரும் சோதனை என்றால் தடத்தை மட்டமாகவே வைத்து, இழப்பைப் பிழையாகக் குறித்துக்கொள்வது மேல். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி கூடுகிறது என்றால் டிராலிமேல் ஒட்டிய அட்டைகளின் அகலத்தைப் பாருங்கள். ஒளியை மறைத்து நேரம் காட்டும் சென்சாரில் வேகம் என்பது அட்டையின் அகலம் ÷ நேரம். இரண்டு அட்டைக்கும் ஒரே அகலம் என்று எடுத்துக்கொண்டு, ஒன்று 2 மில்லிமீட்டர் குறைவாக வெட்டப்பட்டிருந்தால் பிழை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

கோலியோ இரும்புக் குண்டோ உருட்டிச் செய்கிறீர்களா? அடித்த குண்டு மோதியதும் ஒரு கணம் நின்று, அப்புறம் மெதுவாக முன்னால் ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். அதன் சுழற்சி அப்படியே மிச்சம் இருக்கிறது. தரையின் உராய்வு அந்தச் சுழற்சியை ஓட்டமாக மாற்றுகிறது. சமமான இரு திண்மக் கோளங்களுக்கு, இரண்டும் வழுக்காமல் உருளத் தொடங்கிய பிறகு, அடித்தது ஆரம்ப வேகத்தில் ஏழில் இரண்டு பங்கிலும் அடிபட்டது ஏழில் ஐந்து பங்கிலும் போகும். கூட்டினால் முழு வேகம் வருகிறது, உந்தம் சரி. ஆனால் இதை மீட்சி மோதலின் விடையோடு ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. சக்கரம் வைத்த டிராலியில் இந்தத் தொந்தரவு மிகக் குறைவு, சக்கரங்கள் இலேசாக இருக்கும்வரை.

போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து அளப்பவர்கள் போனை நகராமல் நிறுத்தி, தடத்துக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். அளவுகோல் டிராலி ஓடும் அதே தளத்தில் இருக்கட்டும். பின்சுவரில் ஒட்டினால் டிராலி கேமராவுக்கு அருகில் இருப்பதால் வேகம் கூடுதலாகக் காட்டும். ஆனால் அந்தப் பிழை முன்பும் பின்பும் ஒரே விகிதத்தில் வருவதால் உந்த ஒப்பீடு கெடாது, ஜூல் கணக்குதான் கெடும். முன்பும் பின்பும் ஒத்துவராமல் இருந்தால் அளவுகோலை விட்டுவிட்டு, வீடியோவின் ஃபிரேம் வேகம் நடுவில் மாறுகிறதா, எடிட் செய்யும்போது ஸ்லோ மோஷன் பகுதி மட்டும் வேறு வேகத்தில் சேமிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள்.